மன்னிப்புக் கடிதம் எழுதிக் கொடுத்துவிட்டு ஏழு வருஷம் அலைந்த கதை

2017 பிப்ரவரியில் ஒரு வெள்ளைத்தாளில் ஆறு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். "கோபத்தில் வார்த்தை தடித்துவிட்டது, மன்னிக்கவும், இனி இப்படி நடக்காது" என்பதுதான் அதன் சாரம். எழுத பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. அந்தத் தாளோடு மல்லுக்கட்டி முடிக்க 2024 வரை ஆனது. அந்த ஏழு வருஷத்தில் சம்பளமாக மட்டும் பத்து லட்சத்துக்கு மேல் போனது. அடகு வைத்த அஞ்சு சவரனும் மூழ்கிப் போனது. கம்பெனியோடு தகராறு வந்து தனியாக நிற்கும் யாருக்காவது உதவும் என்றுதான் எழுதுகிறேன். நான் வக்கீல் இல்லை. அடிபட்டவன், அவ்வளவுதான்.

ஒரகடம் பக்கம் கார் உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனி. தகட்டை அழுத்தி வடிவம் கொடுக்கும் பிரஸ் ஷாப்பில் நான் ஆபரேட்டர். 2006இல் ட்ரெய்னியாகச் சேர்ந்தேன், பெர்மனென்ட் ஆக நாலு வருஷம் பிடித்தது. 24 மாதத்துக்குள் 480 நாள் வேலை பார்த்திருந்தால் நிரந்தரமாக்க வேண்டும் என்று தமிழ்நாட்டில் 1981லேயே சட்டம் போட்டிருப்பது எங்கள் ஷாப்பில் யாருக்கும் தெரியாது. தெரிந்திருந்தாலும் கேட்டிருப்போமா என்பது வேறு விஷயம். 2016இல் சங்கம் ஆரம்பித்தோம். பதிவுக்கு விண்ணப்பிக்க ஏழு பேர் கையெழுத்துப் போட வேண்டும், அதோடு மொத்தத் தொழிலாளர்களில் பத்தில் ஒரு பங்கு அல்லது 100 பேர், இதில் எது குறைவோ அத்தனை பேர் உறுப்பினராக இருக்க வேண்டும். அந்த ஏழு கையெழுத்தில் மூன்றாவது என்னுடையது. கேட்டுக்கு வெளியே கொடி ஏற்றிய அன்றைக்கு, பேச வந்த பெரியவர் ஒருவர் 1918இல் பெரம்பூர் பி அண்ட் சி மில் ஆட்கள் சென்னைத் தொழிலாளர் சங்கம் ஆரம்பித்த கதையைச் சொன்னார். கம்பெனி அந்தச் சங்கத்தின் தலைவர் பி.பி. வாடியா மீதே வழக்குப் போட்டு அவர் கையைக் கட்டிப்போட்டதாம், அதற்குப் பிறகுதான் 1926இல் தொழிற்சங்கச் சட்டமே வந்ததாம். கேட்கக் கேட்க மயிர்க்கூச்செறிந்தது. அடுத்த வருஷம் என் பெயருக்கும் ஒரு கவர் வரும் என்று அப்போது நினைக்கவில்லை.

நடந்தது இதுதான். எங்கள் லைனில் ஒரு 160 டன் பவர் பிரஸ். டைக்குள், அதாவது தகட்டை அழுத்தும் அச்சுக்குள், கை போனால் மெஷின் தானாக நிற்பதற்கு முன்பக்கம் சென்சார் இருக்கும். அது அடிக்கடி ட்ரிப் ஆகி டார்கெட் கெடுகிறது என்று யாரோ அது வேலை செய்யாதபடி பைபாஸ் செய்துவிட்டார்கள். அதற்கு முந்தின வாரம்தான் காண்ட்ராக்டில் வந்த ஒரு பையனுக்கு, பத்தொன்பது வயது இருக்கும், ஆள்காட்டி விரல் நுனி போயிருந்தது. அன்றைக்கு நைட் ஷிப்ட். மெஷினைப் பார்த்ததும் ஓட்ட மாட்டேன் என்று சொன்னேன். சூப்பர்வைசர், "பத்து வருஷ சர்வீஸ், உனக்கே பயமா?" என்று எல்லார் முன்னாலும் கேட்டார். நான், "அப்ப நீங்க கைய வச்சுப் பாருங்க சார்" என்று கத்தினேன். கூட ஒரு வார்த்தையும் வந்தது, அதை இங்கே எழுத வேண்டாம். பக்கத்து இரண்டு மெஷினிலும் ஆட்கள் கையை எடுத்துவிட்டு நின்றார்கள். நாற்பது நிமிஷம் லைன் நின்றது.

காலையில் ஹெச்.ஆர். ரூமுக்குக் கூப்பிட்டார்கள். அதட்டவில்லை, காபி கொடுத்தார்கள். மேனேஜர் நல்ல மாதிரியாகத்தான் பேசினார். "தம்பி, அவரும் வயசுல பெரியவரு. ஒரு மன்னிப்பு எழுதிக் குடுத்துடு, நான் ஃபைல்ல வச்சு முடிச்சுடறேன்" என்றார். ராத்திரி முழுக்கத் தூங்காதவன். வாய் தடித்துப் பேசியது தப்புதான் என்று உள்ளுக்குள்ளேயும் இருந்தது. எழுதிவிட்டேன். சென்சாரைப் பற்றி ஒரு வார்த்தை எழுதவில்லை, விரல் போன பையனைப் பற்றியும் எழுதவில்லை. மூன்றாம் நாள் சஸ்பென்ஷன் ஆர்டரும் சார்ஜ் ஷீட்டும் பதிவுத் தபாலில் வந்தன. மேலதிகாரியின் உத்தரவை மீறியது, அவதூறாகப் பேசியது, மற்றவர்களைத் தூண்டி வேலையை நிறுத்தியது என்று மூன்று குற்றச்சாட்டு. கடைசியில் ஒரு வரி: "தாங்கள் எழுத்துமூலம் ஒப்புக்கொண்டுள்ளபடி."

ஆகவே எல்லாவற்றுக்கும் முதலாகச் சொல்வது: ஷாப்பில் தகராறு நடந்த அன்றைக்கு அந்த ரூமில் உட்கார்ந்து எதையும் எழுதிக் கொடுக்காதீர்கள். "நாளைக்கு எழுதித் தர்றேன் சார்" என்று சொன்னால் எந்தச் சட்டமும் உங்களைத் தூக்கில் போடாது. எழுதித்தான் ஆக வேண்டும் என்றால் ஏன் அப்படி நடந்தது என்ற காரணம் அதே தாளில், அதே பேனாவில் இருக்கட்டும். "மெஷினில் சென்சார் வேலை செய்யவில்லை, அதனால் ஓட்ட மறுத்தேன்" என்ற ஒரு வரியை அன்றைக்கு எழுதியிருந்தால் என் கதையே வேறு. எழுதியதை போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். கேட்டுக்குள் போன் கொண்டுபோக விடமாட்டார்கள் என்பது தெரியும். அப்படியானால் ஜெராக்ஸ் கேளுங்கள்.

சார்ஜ் ஷீட்டை வீட்டில் வாசித்தது என் மனைவிதான், ஆங்கிலம் அவளுக்குத்தான் ஓரளவு வரும். வாசித்து முடித்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய், மாதக் காலண்டரின் பின்பக்கத்தில் தேதி போட்டு எழுத ஆரம்பித்தாள். என்றைக்கு எந்தத் தபால் வந்தது, என்றைக்குப் பணம் ஏறியது, யார் போன் செய்தார்கள் எல்லாம். "எதுக்கு இதெல்லாம்?" என்று எரிச்சலோடு கேட்டேன். அந்தக் காலண்டர் தாள்கள் இல்லாவிட்டால் பின்னாளில் வக்கீலிடம் சொல்ல எனக்கு ஒரு தேதிகூட ஞாபகம் இருந்திருக்காது.

சஸ்பென்ஷன் காலத்துக்குப் பிழைப்பூதியம் உண்டு. முதல் 90 நாளுக்குப் பாதிச் சம்பளம், அதற்கு மேல் முக்கால். அப்போது என் சம்பளம் 19,400. மூன்று மாதம் 9,700 வந்தது. நாலாவது, அஞ்சாவது மாதமும் அதே 9,700தான் வந்தது. 14,550 வந்திருக்க வேண்டும் என்று எனக்குத் தெரியாது. இரண்டு மாதத்தில் 9,700 ரூபாய் போனது. பெரிய தொகை இல்லைதான். ஆனால் அந்த ஜூன் மாதம் பையன் பள்ளிக்கூடப் பணத்துக்காக முதல் நகை அடகுக்கடைக்குப் போனது, அதற்கு வாங்கியது பத்தாயிரம். இதை நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது.

இனி உள்விசாரணை. டொமஸ்டிக் என்கொயரி என்று சொல்வார்களே, அது. நான் செய்த பெரிய தப்பு, அதைக் கம்பெனி நடத்தும் ஒரு சடங்கு என்று நினைத்தது. எப்படியும் அவர்கள் ஆள்தான் விசாரிக்கப் போகிறார், எப்படியும் டிஸ்மிஸ்தான், கோர்ட்டில் பார்த்துக்கொள்ளலாம் என்று எல்லாரும் சொன்னார்கள், நானும் நம்பினேன். உண்மையில் அந்த ஏசி ரூம்தான் என் கோர்ட். பிற்பாடு போன நிஜ கோர்ட்டு, அந்த ரூமில் என்ன டைப் அடித்தார்களோ அதைத்தான் எடுத்து வாசித்தது.

நாலு அமர்வு நடந்தது. விசாரணை அதிகாரி வெளியிலிருந்து வந்த ஒரு வக்கீல். கேள்வியைத் தமிழில் கேட்பார், பக்கத்தில் ஒருவர் ஆங்கிலத்தில் டைப் அடிப்பார். துணைக்கு ஒரு சக தொழிலாளியை அழைத்துக்கொள்ள உரிமை உண்டு என்று நோட்டீஸிலேயே போட்டிருந்தது. மூன்று பேரைக் கேட்டேன். ஒருவன் என்னோடு கொடிக்கயிறு பிடித்து இழுத்தவன். "மச்சான், வீட்டுக் கடன் ஓடுதுடா" என்றான். அவன்மேல் அன்றைக்கு வந்த கோபம் ரொம்ப வருஷம் இருந்தது, இப்போது இல்லை. சங்கத் தலைவருக்கு அப்போது நாலு கம்பெனியில் பிரச்சினை, என்னிடம் "போய் உண்மையைச் சொல்லு தம்பி" என்றார். தனியாகப் போனேன். சூப்பர்வைசர் சாட்சி சொல்லி முடித்ததும் அதிகாரி என் பக்கம் திரும்பி, "குறுக்கு விசாரணை பண்றீங்களா?" என்று கேட்டார். "என்ன சார் கேக்கறது, நடந்தது என்னன்னு அவருக்கே தெரியுமே" என்றேன். பெரிய வசனம் பேசிவிட்டதாக நினைப்பு. ஆங்கிலத்தில் டைப் ஆனதை என் வக்கீல் பிற்பாடு தமிழில் வாசித்துக் காட்டினார்: "குறுக்கு விசாரணை இல்லை." அதன் கீழே என் கையெழுத்து. பதினெட்டுப் பக்கம், பதினெட்டுக் கையெழுத்து.

அந்த ரூமில் நான் கேட்டிருக்க வேண்டியது ஒன்றே ஒன்றுதான். மெயின்டனன்ஸில் பச்சை அட்டை போட்ட ஒரு பிரேக்டவுன் ரெஜிஸ்டர் இருக்கும். அந்த வாரம் மட்டும் சென்சார் ட்ரிப் என்று எலக்ட்ரீஷியன் மூன்று தடவை எழுதியிருந்தார், என் கண்ணால் பார்த்தேன். முதல் அமர்விலேயே "இந்த ரெஜிஸ்டர், இந்தத் தேதிகள், இதை விசாரணையில் தாக்கல் செய்ய உத்தரவிட வேண்டும்" என்று எழுதிக் கொடுத்து, நகலில் பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்கியிருக்க வேண்டும். கொடுத்தார்கள் என்றால் அது என் சாட்சி. தர மறுத்தார்கள் என்றால் விசாரணை நியாயமாக நடக்கவில்லை என்பதற்கு அதுவே சாட்சி. இரண்டில் எது நடந்தாலும் எனக்குத்தான் லாபம். ஆங்கிலம் புரியவில்லை, தமிழில் பதிவு செய்யுங்கள் என்றும் எழுத்தில் கேட்டிருக்கலாம். வாயால் கேட்டேன், சிரித்தார்கள், விட்டுவிட்டேன். இரண்டு வருஷம் கழித்து கோர்ட்டில் அந்த ரெஜிஸ்டரைக் கேட்டபோது, பழைய ரெக்கார்டுகளை அழித்துவிட்டோம் என்று பதில் வந்தது.

ஜூலைக் கடைசியில் டிஸ்மிஸ் ஆர்டர். அன்றைக்கே என் கணக்கில் 19,400 ஏறியது. ஏதோ கணக்கு முடித்த பாக்கி என்று நினைத்து, அதில் அரிசி மூட்டையும் கேஸும் வாங்கினோம். அது என்ன பணம் என்று பல மாதம் கழித்துத்தான் புரிந்தது. எங்கள் சங்கத்தின் சம்பளக் கோரிக்கை அப்போது தொழிலாளர் துறையில் சமரசப் பேச்சில் இருந்தது. அப்படிப் பேச்சு நடக்கும்போது ஒருவரை நீக்கினால் ஒரு மாதச் சம்பளம் கொடுத்து, அந்த அதிகாரியிடமே ஒப்புதலுக்கு மனுப் போட வேண்டும். கம்பெனி போட்டது. அதற்கான நோட்டீஸ் எனக்கும் வந்தது. நானும் என் பங்குக்கு அதே ஆபீஸில் வேலைநீக்கத்தை எதிர்த்து ஒரு மனுப் போட்டிருந்தேன். இரண்டு கவரும் ஒரே ஆபீஸ் முத்திரையோடு வந்ததால் எல்லாம் ஒரே விஷயம் என்று நினைத்து ஒன்றுக்குத்தான் போனேன். நான் போகாமலே ஒப்புதல் மனு கம்பெனிக்குச் சாதகமாக முடிந்துவிட்டது. ஒப்புதல் கிடைக்காத நீக்கம் செல்லாது என்று உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. அவ்வளவு பெரிய கதவை நானே சாத்திவிட்டு வந்திருக்கிறேன். அதனால் அரசாங்கக் கவர் எது வந்தாலும் மேலே இருக்கும் மனு எண்ணைப் பாருங்கள். எண் வேறு என்றால் வழக்கும் வேறு.

இதைவிட ஒரு படி முன்னாலேயே சங்கம் செய்திருக்க வேண்டியது ஒன்று உண்டு. நிர்வாகிகளில் சிலரைப் "பாதுகாக்கப்பட்ட தொழிலாளி" என்று கம்பெனிக்கு எழுதி அங்கீகாரம் வாங்கலாம். மொத்த ஆட்களில் நூற்றுக்கு ஒருவர், குறைந்தது அஞ்சு பேர். தகராறு நிலுவையில் இருக்கும்போது அவர்களை முன்அனுமதி இல்லாமல் தொட முடியாது. நாங்கள் கொடிக்கம்பத்துக்குப் பெயின்ட் என்ன நிறம் என்று மூன்று கூட்டம் போட்டோம், இந்தக் கடிதத்தை ஒருவரும் எழுதவில்லை.

சமரச ஆபீஸில் என் மனு பத்து மாதம் இழுத்தது. கம்பெனி ஆள் ஒரு தடவை வருவார், அடுத்த தடவை தேதி கேட்பார். அதிகாரி மோசமில்லை, தண்ணீர்கூடக் கொடுக்கச் சொன்னார், ஆனால் அவரால் உத்தரவு போட முடியாது, பேசத்தான் முடியும். சமரசம் முறிந்தது என்ற அறிக்கை வந்தால்தான் கோர்ட்டுக்குப் போகலாம் என்று யாரோ சொன்னதை நம்பிக் காத்திருந்தேன். மனுப் போட்டு 45 நாள் ஆகிவிட்டால் அறிக்கைக்குக் காத்திராமல் நேராகத் தொழிலாளர் நீதிமன்றம் போகலாம் என்று அப்போதிருந்த தொழில் தகராறு சட்டத்திலேயே இருந்தது. எட்டரை மாதம் வீண். இப்போது அந்த 1947ஆம் வருஷத்துச் சட்டம் போய், 2025 நவம்பர் 21 முதல் தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பு வந்துவிட்டது. எனக்குக் கோர்ட்டுக்குப் போக மூன்று வருஷ அவகாசம் இருந்தது. இப்போது தகராறு எழுந்து இரண்டு வருஷம் தாண்டினால் சமரச அதிகாரி அதைக் கையிலேயே எடுக்க முடியாது. சஸ்பெண்ட் செய்தால் 90 நாளுக்குள் விசாரணையை முடிக்க வேண்டும் என்றும் அதில் வந்திருக்கிறது. எனவே நான் சொல்லும் நாள் கணக்கை அப்படியே எடுத்துக்கொள்ளாமல், வேலை போன முதல் வாரத்திலேயே தொழிலாளர் வழக்கு மட்டும் பார்க்கும் வக்கீல் ஒருவரைப் பாருங்கள். ஊர்க்காரர், சொந்தக்காரர் என்று சிவில் வக்கீலிடம் போக வேண்டாம். நான் போனேன், ஏழாயிரம் கொடுத்துவிட்டு வந்தேன்.

பிறகு கிடைத்த வக்கீல் மேடம் கேஸ் கட்டை முழுக்கப் படித்துவிட்டு, "இந்த மன்னிப்பு லெட்டர் மட்டும் இல்லேன்னா..." என்று ஆரம்பித்துவிட்டு நிறுத்திக்கொண்டார். 2018இல் வழக்குப் போட்டோம். நடுவில் கொரோனா வந்து கோர்ட்டே மூடிக் கிடந்தது. விசாரணை நியாயமாக நடந்ததா என்பதைத்தான் முதலில் முடிவு செய்தார்கள். பதினெட்டுக் கையெழுத்தும் கடிதமும் என் பக்கத்தைக் கவிழ்த்துவிட்டன. ஆனால் அதுவரை ஒரு மெமோகூட வாங்காத பதினோரு வருஷ சர்வீஸ் காப்பாற்றியது. குற்றம் நிரூபணம்தான், ஆனால் அதற்கு டிஸ்மிஸ் என்பது அதிகப்படியான தண்டனை, பணித்தொடர்ச்சியோடு, அதாவது சர்வீஸ் விட்டுப்போகாமல், வேலை கொடுங்கள், இடைப்பட்ட காலச் சம்பளம் கிடையாது என்று 2022 நவம்பரில் தீர்ப்பு. கம்பெனி ஹைகோர்ட் போனது. மேல்கோர்ட்டில் வழக்கு நடக்கும் காலத்துக்குக் கடைசியாக வாங்கிய சம்பளத்தைக் கேட்க வழி உண்டு, ஆனால் வேறு வேலையில் இல்லை என்று பிரமாணப் பத்திரம் கொடுக்க வேண்டும். நான் படப்பையில் ஒரு லேத் பட்டறையில் மாதம் 13,000க்குப் போய்க்கொண்டிருந்தேன். பொய் சொல்ல வேண்டாம் என்று மேடம் சொல்லிவிட்டார், எனக்கும் மனசு வரவில்லை. சும்மா இருந்த வருஷங்களில் வேலை தேடி ஏறி இறங்கின கம்பெனிகளின் பெயர், தேதி எதையும் நான் குறித்து வைக்கவில்லை என்பதும் உறுத்தியது. அதை நீங்கள் செய்யுங்கள், சம்பளப் பாக்கி கேட்கும்போது உதவும்.

பணிக்கொடையை, அதாவது கிராஜுவிட்டியை, பற்றி ஒரு வார்த்தை. அதை வாங்கினால் கேஸ் போய்விடும் என்று பயமுறுத்தியதால் நான் கேட்கவே இல்லை. பேசிக்கும் டிஏவும் சேர்ந்து 11,500, அதை 15ஆல் பெருக்கி 26ஆல் வகுத்து, பதினோரு வருஷத்துக்குக் கணக்குப் போட்டால் 73,000 கிட்டத்தட்ட வரும். "என் உரிமைகளுக்குப் பாதகமின்றிப் பெற்றுக்கொள்கிறேன்" என்று எழுதி வாங்கியிருந்தால் அந்த அஞ்சு சவரனில் பாதியாவது மிஞ்சியிருக்கும்.

2024 ஆரம்பத்தில் பேசி முடித்துக்கொண்டோம். பணிக்கொடை எல்லாம் சேர்த்து ஆறரை லட்சம். வக்கீல் பீஸ், கோர்ட்டுச் செலவு 85,000 போக மீதி. வேலைக்கே திரும்பிப் போயிருக்க வேண்டும் என்று சங்கத்தில் சிலருக்கு வருத்தம். எனக்கு நாற்பத்தி இரண்டு வயது, பையன் பிளஸ் டூ. போராட்டம் எனக்குப் பிடிக்கும், ஆனால் ஹைகோர்ட் வாய்தாக்களை எண்ணிக்கொண்டு இன்னும் மூன்று வருஷம் உட்கார என்னால் முடியவில்லை. அதே வருஷம் செப்டம்பரில் சுங்குவார்சத்திரத்தில் சாம்சங் தொழிலாளர்கள் சங்கப் பதிவுக்காக 37 நாள் வேலைநிறுத்தம் செய்தபோது, ஒரு நாள் பட்டறைக்கு லீவு போட்டுவிட்டுப் போய்ப் பந்தலில் உட்கார்ந்துவிட்டு வந்தேன். சின்னச் சின்னப் பையன்கள். பக்கத்தில் இருந்த ஒருவனிடம் "எதுல கையெழுத்துப் போட்டாலும் காப்பி வாங்கிக்க தம்பி" என்று சொன்னேன். யாரோ பெரிசு உளறுகிறது என்று நினைத்திருப்பான்.

ஒப்பந்தம் போடக் கம்பெனிக்குப் போன அன்றைக்கு அதே ரூம், மேனேஜர் மட்டும் புதிது. காபி வந்தது. ஒப்பந்தப் பத்திரத்தில் எல்லாம் முடிந்த பிறகு ஒரு வெள்ளைத்தாளை என் பக்கம் நகர்த்தி, "சொந்த விருப்பத்துல விலகறேன்னு ஒரு சின்ன லெட்டர் மட்டும் எழுதிடுங்க சார், ஃபார்மாலிட்டிதான்" என்றார். பேனாவை எடுக்கவில்லை. "வாசகத்தை நீங்க டைப் பண்ணிக் குடுங்க, மேடத்துகிட்ட காட்டிட்டு நாளைக்கு வர்றேன்" என்றேன். அவர் முகம் சுருங்கியது. காபியைக் குடித்துவிட்டு எழுந்து வந்தேன். வீட்டில் மனைவி காலண்டரைத் திருப்பி அன்றைய தேதியைப் போட்டு, பக்கத்தில் "லெட்டர் கேட்டார்கள், தரவில்லை" என்று எழுதினாள்.